ரேமுக்கு வைத்த பொட்டு

"பீப்" என்று நீளமாக ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் அதே சத்தம்.

திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஹாலில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகடு கழற்றப்பட்டுச் சோபாமேல் கிடந்தது. திருகாணிகளைத் தொலைத்துவிடக் கூடாதென்று பிஸ்கட் டின் மூடியில் போட்டு வைத்திருந்தேன்.

அத்தை சாமி மேடைப் பக்கம் நின்றிருந்தார். என் கணவர் குணாவின் அம்மா. கையில் சந்தனமும் குங்குமமும் வைத்த சின்னப் பித்தளைத் தட்டு.

"ரோசாக் ஆயிருச்சா? கெட்டுப்போச்சா?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகல அத்தை. சரியா உக்காரல போல."

நிறுத்தி, புதிதாகப் போட்ட ரேம் என்ற நினைவகப் பலகை இரண்டையும் விரலால் அழுத்திவிட்டு மறுபடி பொத்தானைத் தட்டினேன். மறுபடியும் பீப்.

"நான் வெச்சிருக்கக் கூடாது" என்றார் அத்தை. என்னிடம் சொன்னதுபோலக்கூட இல்லை. குங்குமச் சிமிழை மூடிவிட்டு, தட்டைச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டு, பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அந்தக் காலையில் எனக்கு வந்த கோபம் கம்ப்யூட்டர்மேல் பாதி, இந்த உலகத்தின்மேல் பாதி. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு நாள் பின்னால் போக வேண்டும்.

அம்மா எங்கே?

போன வாரம் இந்தப் பத்தியில் என் முதல் கேமராவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் இப்போதும் படம் எடுக்கிறீர்களா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை. முட்டி ஒத்துழைக்காது. கல்யாண வீட்டில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வேறு ஆட்கள். அவர்கள் எடுத்து வருவதைக் கிள்ளானில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கொடுப்பது நான்.

மற்றவர்கள் ஒரு கல்யாணத்தை ஒரு காலைப்பொழுது பார்ப்பார்கள். நான் ஒரு வாரம் பார்ப்பேன். யார் யாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, மொய்க் கவரை யார் சட்டைப் பையிலேயே மறந்து எடுத்துக்கொண்டு போகிறார், எல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் பாதிக் கிள்ளான் என்னோடு பேசாது.

நம் ஊரில் கல்யாணம் கோயிலில் ஒரு நாள், டின்னர் மண்டபத்தில் இன்னொரு நாள். டின்னரில் சாப்பாடு வருவதற்கு முன் விளக்கையெல்லாம் குறைத்து, கோயிலில் நடந்ததைப் பெரிய திரையில் போட்டுக் காட்டுவார்கள். அந்தச் சில நிமிடப் படத்துக்குத்தான் என் உயிரை வாங்குவார்கள்.

தர்ஷினி, ஜெஞ்சாரோம் பெண். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தாலி கட்டு, அடுத்த சனிக்கிழமை கிள்ளானில் டின்னர். செவ்வாயன்று ஒரு மாதிரிப் படத்தைச் செய்து அனுப்பியிருந்தேன். உடனே போன் வந்தது.

"அக்கா, சூப்பரா இருக்கு கா. ஆனா அம்மா எங்க?"

"இருக்காங்களே மா. வாசல்ல பன்னீர் தெளிக்கறாங்க, உனக்கு மாலை எடுத்துக் குடுக்கறாங்க..."

"அது இல்ல கா. தாலி கட்டறப்போ."

நானும் பார்த்திருந்தேன். மணமேடையை எடுத்த கேமராவில் அந்த நேரத்தில் அவர் இல்லை. தர்ஷினிக்கு அப்பா இல்லை. அவள் இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மாதான் தொழிற்சாலை கேன்டீனில் சமைத்து, இந்தப் பெண்ணை ஆளாக்கினார்.

"யாராச்சும் தள்ளிப் போகச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல கா. அவங்களே எந்திரிச்சுப் போய்ட்டாங்க. நான் குனிஞ்சு உக்காந்திருந்தேன், பாக்கல. நிமிந்தப்போ அத்தைங்க, சித்திங்க எல்லாரும் இருக்காங்க, அம்மா மட்டும் இல்ல." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எங்கயாச்சும் ஒரு ஓரத்துல நின்னு பாத்துருப்பாங்க கா. எப்படியாச்சும் கண்டுபிடிச்சுப் போடுங்க லா. டின்னர்ல எல்லாரும் பாக்கணும். அம்மாவும் பாக்கணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம்.

இரண்டாவது கேமரா கூட்டத்தைத் தூரத்திலிருந்து எடுத்திருந்தது. கெட்டிமேளம் கொட்டும் அந்த நேரத்தில் இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, கூட்டத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாகத் தேட வேண்டும். இப்போதைய கேமராக்கள் எடுக்கும் படம் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிறது. என் கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு வருஷம் வயதாகிறது. ஒரு கேமராவை ஓட்டும். இரண்டாவதைத் திறந்தால் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். நான் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் அது சுற்றிக்கொண்டிருக்கும்.

பெரிய ரேம் போட்டால்தான் ஆகும் என்று தெரிந்துபோனது.

பாய் கடை

மறுநாள் கிள்ளானில் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். அங்கே மாடியில் யூசுப் பாய் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்க்காரர். கீழே துணிக்கடையும் பூக்கடையுமாக இரைச்சல். அவர் கடையில் மட்டும் ஆஸ்பத்திரிபோல அமைதி. ஏர்கோன் வேறு நடுங்க வைக்கும்.

விலையைக் கேட்டதும் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உலகத்தில் எங்கெங்கோ செயற்கை அறிவு செய்கிறவர்கள் ரேமை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போகிறார்களாம். ஜெஞ்சாரோம் கல்யாண வீடியோவுக்காக நான் அவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

பாய் இரண்டு ரேமை எடுத்து மேசைமேல் வைத்தார். முக்கால் சாண் நீளத்தில் பச்சைப் பலகை. கீழ் விளிம்பு முழுக்கத் தங்க நிறத்தில் வரிசையாகக் கம்பி கம்பியாக இருக்கும்.

"இந்தத் தங்கக் கலர்ல மட்டும் கை பட்டுறக் கூடாதுக்கா. வேர்வை பட்டாக்கூட தகராறு பண்ணும். ரெண்டு ஓரத்தையும் புடிச்சு எறக்குங்க. பழச எடுக்க வேணாம், பக்கத்துல காலி எடம் ரெண்டு இருக்கும், அதுல போடுங்க. மொதல் தடவ ஆன் ஆக கொஞ்சம் நேரமாகும், பயந்துறாதீங்க."

"தெரியும் பாய். பாத்திரம் வெளக்கற கைன்னு நெனச்சீங்களா?"

"அந்தக் கையும்தான் இருக்கே" என்று சிரித்தார். உண்மைதான்.

பொட்டில்லாத பொருள் இல்லை

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சாமி மேடைக்கு முன்னால் ஒரு ராத்திரி இருந்து, பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகும். வாஷிங் மெஷின் மூடியில் வைத்த மஞ்சளின் கறை இன்னும் இருக்கிறது. வைபை பெட்டிக்குத் திருநீறு. குணா போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். லோரி கம்பெனியுடையது, ஆனால் அதன் மூக்கில் இருக்கும் பொட்டு எங்களுடையது.

போன வருஷம் என் நாத்தனார் புதுக் கார் வாங்கினாள். ஆசையாக முன்னும் பின்னும் பெரிய பெரிய சந்தனப் பொட்டாக வைத்தது நான். பின்பக்கம் வைத்த பொட்டு, இடிபடாமல் எச்சரிக்கை செய்யும் சென்சார்மேலேயே உட்கார்ந்துவிட்டது. ரிவர்ஸ் எடுத்ததும், பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று கார் கத்த ஆரம்பித்தது. நாத்தனார் இறங்கிப் பார்ப்பாள், யாரும் இருக்க மாட்டார்கள். ஏறுவாள், கத்தும். கோயில் வாசலில் அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தக் கதை எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓடுகிறது.

ஒரு காலத்தில் இந்த இலாகா முழுக்க அத்தை கையில் இருந்தது. கேரித் தீவில் குடியிருந்த நாளிலிருந்து மாமாவின் சைக்கிள், மோட்டார், பிறகு குணாவின் லோரி, எல்லாவற்றுக்கும் அவர்தான் பொட்டு. வட்டம் பிசகாது. அத்தை பொட்டு வைத்தால் வண்டிக்கே ஒரு களை வந்துவிடும்.

மாமா போன பிறகு நிறுத்திவிட்டார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சந்தனத்தை அவரே இழைப்பார், தட்டை அவரே துடைப்பார், எல்லாம் எடுத்து வைத்துவிட்டு நான்கு அடி தள்ளி நின்று, "செல்வி, நீ வை" என்பார். நானும் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். யோசித்ததில்லை.

"நீங்களே வைங்க"

பிரிக்பீல்ட்ஸிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது அத்தை தட்டைத் தயாராக வைத்திருந்தார். காசு போட்டு வாங்கிய பொருள் என்றால் போதும், அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

ரேம் இரண்டையும் உறையிலிருந்து ஓரம் பிடித்து எடுத்து, துணி விரித்த மணைமேல் வைத்தேன். பாய் சொன்னது நன்றாக நினைவிருந்தது. தங்கப் பக்கத்தில் என் விரல் படவே இல்லை.

"செல்வி, நீ வை" என்றார் அத்தை, நான்கு அடி தள்ளி நின்று.

தர்ஷினியின் குரல் காதிலேயே இருந்தது. யாரும் சொல்லல கா, அவங்களே போய்ட்டாங்க. எனக்குச் சுருக்கென்றது.

"நீங்களே வைங்க அத்தை."

"நானா?"

"ஆமா. நீங்க வெச்சா என்ன? உங்க மருமக தொழிலுதானே?"

"வேணாம் மா. ஒரு பொண்ணோட கல்யாணக் காரியம் இது."

"அதுக்குத்தான் சொல்றேன்."

என் குரலில் இருந்த வேகத்தைப் பார்த்துப் பயந்துபோய்தான் பக்கத்தில் வந்திருப்பார். முந்தானையில் கையைத் துடைத்தார். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டார். அதற்குள் வாசலில் குணாவின் லோரிக்கார நண்பர் கூப்பிட, நான் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ரேம் சாமிக்கு முன்னால் இருந்தது, அத்தை விளக்கேற்றிக்கொண்டிருந்தார். முகம் என்னவோ போல் இருந்தது. நெடுநாள் கழித்து ஊருக்குப் போய் வந்தவர் முகம்.

காலையில் எழுந்ததும் ரேமை எடுத்து மாட்டினேன். மூக்குக் கண்ணாடி எங்கோ இருந்தது. கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் எனக்கு எதுவும் தெரியாது. ரேமின் ஓரத்தைப் பிடித்து, காலி இடத்தைத் தடவிப் பார்த்துதான் இறக்கினேன். பொட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் இல்லை.

பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

யார் வைத்தாலும்

அத்தை பின்கட்டுக்குப் போனதும் புது ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதோடு மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஓடியது. கோளாறு புதியதில்தான் என்று எனக்குப் புரிந்தது. பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த அத்தைக்கும் புரிந்தது, வேறு மாதிரி.

"நான் தொடாதது ஓடுது பாத்தியா" என்றார். அழவில்லை. கணக்கு சரியாக வந்துவிட்டதுபோலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, போன் வெளிச்சத்தில் புது ரேமைப் பார்த்தேன். பச்சைப் பலகை சுத்தமாக இருந்தது. கீழே, தங்கக் கம்பிகளின் மேல், நட்ட நடுவில், பிசகாத வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவே குங்குமம். காய்ந்து ஓடாகிப் பாதி உதிர்ந்திருந்தது. இரண்டிலும் அப்படியே.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"அத்தை! இங்க வாங்க. ஏன் இங்க வெச்சீங்க?"

தயங்கித் தயங்கி வந்து பார்த்தார். "அதுதானே தங்கமா இருக்கு? தங்கம் இருக்கற பக்கந்தானே மொகம்?"

"அது மொகம் இல்ல அத்தை, வாய். அதுல சந்தனத்தப் பூசினா எப்படிப் பேசும்? யார் வெச்சாலும் ஓடாது."

ஒப்புக்கொள்ளவில்லை. "இவ்ளோ எடம் இருக்க, சரியா அங்க வைக்கத் தோணுச்சு பாரு. அது ஏன்? என் கை அப்படி."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த ஒரு வாதத்துக்கு உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் பதில் கிடையாது. நல்ல வேளையாக எங்கள் குடும்பத்தில் இருந்தது.

"கார்ல யாரு பொட்டு வெச்சா?"

"எந்தக் கார்?"

"உங்க மக கார். சரியா சென்சார் மேல வெச்சது யாரு? நான். என் புருஷன் உசுரோட இருக்காரா இல்லையா? கார் கத்துச்சா இல்லையா?"

அத்தை என்னையே பார்த்தார். வாயோரம் லேசாக ஆடியது. "கத்துச்சு" என்றார்.

அழிரப்பரால் தங்க விளிம்பைத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். காலி இடங்களில் உதிர்ந்திருந்த குங்குமத் தூளைச் சின்ன தூரிகையால் எடுத்து, ஊதித் தள்ளினேன். ரேமை மாட்டி, தகட்டையும் மூடினேன். பிறகு தட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இப்ப வைங்க. பெட்டி மேல."

"மொதல்ல ஓடட்டும். அப்புறம் வைக்கறேன்."

"இல்ல. நீங்க வெச்ச பிறகுதான் ஆன் பண்ணுவேன்."

"செல்வி, வெளையாடாத. ஓடலன்னா?"

ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். தர்ஷினிக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம், வேறு யார் வீட்டுக் கம்ப்யூட்டரையாவது கேட்டு வாங்கலாம். ஆனால் அத்தை அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு நல்ல பொருளையும் தொட மாட்டார். ஆனாலும் நான் தட்டை இறக்கவில்லை.

அத்தை வைத்தார். பெட்டியின் நெற்றியில், பொத்தானுக்கு மேலே. வட்டம் இந்த முறை கொஞ்சம் கோணிவிட்டது.

பொத்தானை அழுத்தினேன்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பு. முதல் தடவை நேரமாகும் என்று பாய் சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். விசிறி நின்றது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தானாகவே மறுபடி சுற்றியது. குட்டியாக ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்தது.

"ஓடுதா?" என்றார் அத்தை.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க."

"நீ சொல்லு."

"ஓடுது அத்தை."

கதவு

இரண்டு கேமராவும் சேர்ந்து ஓடின. வட்டம் சுற்றவே இல்லை. அத்தை முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

நான் கூட்டத்தைப் பெரிதாக்கி, வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசி வரிசை வரைக்கும் பார்த்தாகிவிட்டது. இல்லை.

"அங்க தேடாத" என்றார் அத்தை.

"வேற எங்க தேடறது?"

"கெட்டிமேளம் கொட்டறப்போ நாங்க எங்க போய் நிப்போம்னு எனக்குத் தெரியாதா? சமையக்கட்டுப் பக்கம் கதவு இருக்கா பாரு."

இருந்தது. இரண்டாவது கேமராவின் வலது ஓரத்தில், பாதி திறந்த கதவு. அதற்குப் பின்னால் இருட்டு. மேளம் உச்சத்துக்குப் போகிறது. எல்லோரும் மஞ்சள் அரிசியைத் தூவுகிறார்கள். அந்த நேரத்தில் கதவு இருட்டிலிருந்து ஒரு கை வெளியே வருகிறது. வளையல் இல்லாத கை. அரிசியை வீசுகிறது. மணமேடை எங்கே, கதவு எங்கே. அரிசி வாசல்படியைக்கூடத் தாண்டவில்லை.

பெரிதாக்கினேன். கைக்குப் பின்னால் ஒரு முகம் முன்னுக்கு வந்து, மகள் இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்கிறது. தர்ஷினியின் அம்மா.

"அரிசிய எடுத்துக்கிட்டுத்தான் போயிருக்கா பாரு" என்றார் அத்தை.

நான் அழுதுவிட்டேன். கல்யாண வீடியோவில் எத்தனையோ அழுகையை வெட்டி ஒட்டியிருக்கிறேன், எனக்கு வந்ததில்லை. அத்தை அழவில்லை. அந்தத் திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டின்னர்

சனிக்கிழமை அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றவரை, "வழி காட்டினவங்க நீங்க, வந்துதான் ஆகணும்" என்று சொல்லி வண்டியில் ஏற்றினேன்.

விளக்கைக் குறைத்தார்கள். படம் ஓடியது. தாலி கட்டும் இடம் வந்ததும் திரையை இரண்டாகப் பிரித்திருந்தேன். இடது பக்கம் தாலி, வலது பக்கம் கதவு. கை வந்தது, அரிசி விழுந்தது, முகம் வந்தது.

தர்ஷினியின் அம்மா பின்வரிசை மேசை ஒன்றில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். தர்ஷினி மேடையிலிருந்து இறங்கினாள். அந்தக் கனத்த பட்டுப் புடவையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்து போய், அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பாடு வரும்வரை எழுந்திருக்கவில்லை. போட்டோகிராபர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சென்ற மாதம் ஒரு மின்சார அடுப்பு வாங்கினோம். பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் தட்டை வாங்கக் கையை நீட்டினேன். அத்தை தரவில்லை. மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க வைக்கக் கூடாதுன்னு மொதல்ல சொல்லிரு" என்றார்.